சூப்பர்சார்ஜர் வாங்க முன் பிரேக்கைப் பாருங்கள்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. விசேடமாக வளைகுடா நாடுகளில் கராஜ் வேலை செய்யும் எமது தம்பிமாரும், ஊரில் இருக்கும் அவர்களுடைய வாப்பாமார் உம்மாமாரும் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

எம்மிடம் விஞ்ஞானம் படித்த ஒரு தம்பி இப்போது சார்ஜாவில் ஒரு கராஜில் வேலை செய்கிறார். அங்கே வரும் வாடிக்கையாளர் ஒருவரிடம் 1965ஆம் ஆண்டு ஃபோர்ட் மஸ்டாங் கார் ஒன்று இருக்கிறதாம். அமெரிக்காவில் பிறந்த பழைய மசில் கார்களை ஆசையாக வாங்கி வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் நிறையப் பேர். அந்தக் காருக்கு சூப்பர்சார்ஜர் போட வேண்டும், எது நல்லது என்று பார்த்துச் சொல் என அவர் தம்பியிடம் கேட்டிருக்கிறார். தம்பி எமக்கு வொய்ஸ் அனுப்பியிருந்தார். "மூணு விதமா இருக்கு சேர், எதைப் போடச் சொல்ற?" என்பதுதான் கேள்வி.

அவருக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்லலாம் என்று நினைத்தோம். காரணம், இதே கேள்வியோடு எத்தனையோ பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பொருத்தப்பட்ட பின் எஞ்சின் உடைந்தால், கேட்டவர் மீது பழி வராது. கையில் ஸ்பேனர் பிடித்தவன் மீதுதான் வரும். சம்பளம் வெட்டப்படுவதும் அவனுக்குத்தான்.

எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பழைய காருக்கு சூப்பர்சார்ஜர் தெரிவு செய்வது கடைசி வேலை. அதற்கு முன் எஞ்சினின் நெருக்கல் விகிதம், பெற்றோலின் தரம், சூடு, பிரேக் ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். இந்த நான்கும் பதில் சொன்ன பிறகு, எதைப் போடுவது என்ற கேள்வி பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடும். சில வேளை, ஒன்றும் போடத் தேவையில்லை என்றும் தீரும்.

முதலில் இது என்ன வேலை செய்கிறது?

தரம் 10, 11 பிள்ளைகளுக்கும் விளங்கும்படி சொல்கிறோம். எஞ்சின் வலுத் தருவது பெற்றோலை எரித்து. பெற்றோல் எரிய வளி வேண்டும். அந்த மஸ்டாங்கில் உள்ள வீ8 எஞ்சின் 289 கன அங்குலம், அதாவது சுமார் 4.7 லீற்றர். நான்கு அடிப்பு எஞ்சின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் எல்லா சிலிண்டரும் நிரம்பும். நிமிடத்துக்கு 5000 சுற்று ஓடினால் 2500 தடவை நிரம்ப வேண்டும். 2500ஐ 4.7ஆல் பெருக்கினால் 11,750 லீற்றர். ஒரு நிமிடத்தில் இவ்வளவு வளியை அது இழுக்க வேண்டும்.

உண்மையில் அவ்வளவும் உள்ளே போவதில்லை. காபரேட்டர், குழாய், வால்வு எல்லாம் தடுக்கும். சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினின் கிரேங்கிலிருந்து பெல்ட் மூலம் சுற்றும் ஒரு வளிப் பம்பு. எஞ்சின் தானாக இழுப்பதை விட அதிகமான வளியை அமுக்கி உள்ளே தள்ளும். டேர்போவும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அது புகைக்குழாயால் வெளியேறும் வாயுவால் சுற்றுகிறது. சூப்பர்சார்ஜர் எஞ்சினின் வலுவையே கொஞ்சம் எடுத்துக்கொண்டு சுற்றுகிறது. இலவசமாக ஒன்றும் கிடைப்பதில்லை.

அமுக்கத்தை பி.எஸ்.ஐ. அளவில் சொல்வார்கள். டயருக்குக் காற்றடிக்கும்போது "முப்பது அடிங்க" என்கிறோமே, அதே அளவுதான். கடல் மட்டத்தில் வளிமண்டல அமுக்கம் 14.7. சூப்பர்சார்ஜர் 6 தள்ளினால், நூற்றுக்கு சுமார் 40 பங்கு கூடுதல் வளி என்பது கடதாசிக் கணக்கு. சூட்டுக்கும், பம்பைச் சுற்றுவதற்கும் போனது போக கையில் கிடைப்பது அதை விடக் குறைவு.

மூன்று விதம்

முதலாவது ரூட்ஸ். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற கருவி இது. கார் பிறக்க முன்பே பிறந்தது, தொழிற்சாலைகளில் காற்று ஊதுவதற்காக. இரண்டு சுழலிகள் ஒன்றோடொன்று கோர்த்துச் சுற்றி வளியைத் தள்ளும். படங்களில் பொனட்டைக் கிழித்துக்கொண்டு மேலே நிற்குமே, அது பெரும்பாலும் இதுதான். 6-71 என்று ஒரு பெயர் அடிக்கடி கேட்பீர்கள். ஜெனரல் மோட்டர்ஸின் இரண்டு அடிப்பு டீசல் எஞ்சின்களுக்கு ஊதுவதற்கு வைத்த கருவி அது. 6 சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம், அதனால் அந்தப் பெயர். லொறி, பஸ் எஞ்சினில் இருந்ததைக் கழற்றிக் காரில் ஏற்றினார்கள். ரூட்ஸின் நன்மை, குறைந்த வேகத்திலேயே தள்ளத் தொடங்கும். தீமை, வளியை அதிகம் சூடாக்கும்.

இரண்டாவது இரட்டைத் திருகு. சுவீடன் பொறியியலாளர் லிஷோல்ம் 1930களில் உருவாக்கிய முறை. பார்க்க ரூட்ஸ் மாதிரியே இருக்கும். ஆனால் வளியை உள்ளுக்குள்ளேயே நெருக்கி அனுப்பும். சூடு குறைவு, விலை அதிகம்.

மூன்றாவது மையநீக்க வகை. டேர்போவின் முன்பாதி மாதிரி நத்தை ஓடு போல இருக்கும். எஞ்சினின் முன்பக்கம் ஓரமாக அமரும். சுற்று கூடக் கூட அமுக்கமும் வேகமாகக் கூடும். மெதுவாக ஓடும்போது ஏறக்குறைய சும்மா இருக்கும். 1957இல் ஃபோர்ட் நிறுவனம் தண்டர்பேர்ட் கார்களில் சிலவற்றுக்கு இவ்வகையைப் போட்டு 300 குதிரைவலு என்று விற்றது. 1966இல் ஷெல்பி ஜீ.டி.350 மஸ்டாங்குக்கும் பெக்ஸ்டன் என்ற இவ்வகை சூப்பர்சார்ஜர் விரும்பினால் எடுக்கலாம் என்று கொடுத்தார்கள். அதில் இருந்ததும் இதே 289 எஞ்சின்தான்.

ஆனால் இவை விதிவிலக்குகள். 1964இல் பொன்டியாக் ஜீ.டி.ஓ. வந்ததிலிருந்து மசில் கார் என்றால் நடுத்தர உடம்பில் பெரிய எஞ்சின் என்பதே வழமை. வலு வேண்டுமென்றால் எஞ்சினைப் பெரிதாக்கினார்கள், நெருக்கல் விகிதத்தைக் கூட்டினார்கள். அதாவது, அந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலானவை சூப்பர்சார்ஜரை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அதை வடிவமைத்தவர் கணக்கில் சேர்க்காத ஒரு சுமையை நாம் இப்போது ஏற்றப் போகிறோம்.

முதல் கேள்வி: நெருக்கல் விகிதம்

பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள இடத்தை, மேலே வந்தபின் மிஞ்சும் இடத்தால் வகுத்தால் வருவது நெருக்கல் விகிதம். 1965 மஸ்டாங்கில் 289 எஞ்சின் மூன்று விதமாக வந்தது. சாதாரணமானது 9.3. நான்கு வாய் காபரேட்டர் உள்ளது 10. உயர் வலு எஞ்சின் 10.5. வெளியில் பார்த்தால் மூன்றும் அண்ணன் தம்பி.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கராஜ்காரர்கள் பாவிக்கும் பருமட்டான கணக்குத்தான், ஆனாலும் பிரயோசனமானது. அமுக்கத்தை 14.7ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, நெருக்கல் விகிதத்தால் பெருக்குங்கள்.

9.3 எஞ்சினுக்கு 6 பி.எஸ்.ஐ. தள்ளினால் சுமார் 13.1.
10.5 எஞ்சினுக்கு அதே 6 தள்ளினால் 14.8.
9.3 எஞ்சினுக்கு 4 மட்டும் தள்ளினால் 11.8.

வார்ப்பிரும்பு ஹெட் உள்ள பழைய எஞ்சினில், வளியைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாமல், பம்பில் அடிக்கும் பெற்றோலில் ஓடுவதென்றால் 12ஐத் தாண்டும்போதே கவனம் தேவை என்பது தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் எல்லை. ஆகவே உயர் வலு எஞ்சின் வைத்திருப்பவர், "என்னுடையது பலமான எஞ்சின், இன்னும் தாங்கும்" என்று நினைப்பது தலைகீழ். சூப்பர்சார்ஜருக்கு ஏற்றது சாதாரண 9.3 எஞ்சின்தான். அதுவும் 4, 5 அளவில்.

இன்னொன்று. 60 வருடப் பழைய எஞ்சினில் புத்தகத்தில் உள்ள இலக்கத்தை நம்ப வேண்டாம். எத்தனை கையால் திறக்கப்பட்டதோ, ஹெட் எத்தனை தடவை சீவப்பட்டதோ, எந்தப் பிஸ்டன் போடப்பட்டதோ தெரியாது. எட்டு சிலிண்டரையும் கேஜ் வைத்து அளக்க வேண்டும். ஒன்றுக்கொன்று அதிக வித்தியாசம் இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்தி எஞ்சினைத் திருத்தச் சொல்லுங்கள்.

இரண்டாவது: பெற்றோல். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்

அமெரிக்க வீடியோக்களில் "93 ஒக்டேன் அடித்தால் போதும்" என்பார்கள். எமது பிள்ளை கேட்டுவிட்டு, "இங்கே 95 இருக்கிறதே, அதை விட நல்லம்" என்று நினைப்பான். இது பிழை.

அமெரிக்காவில் பம்பில் எழுதும் இலக்கம் வேறு முறையில் அளக்கப்படுகிறது. இரண்டு சோதனைகளின் சராசரி அது. எமது நாட்டிலும் வளைகுடாவிலும் எழுதுவது ஒரு சோதனையின் இலக்கம் மட்டும். அது எப்போதும் சில புள்ளி கூடுதலாகத்தான் காட்டும். அமெரிக்காவின் 93 என்பது எமது முறையில் ஏறக்குறைய 98. எமது 95 என்பது அவர்கள் முறையில் ஏறக்குறைய 91 தான். அமீரகத்தில் 91, 95, 98 என மூன்று தரம் விற்கிறார்கள். அமெரிக்க வீடியோவைப் பார்த்து செட் பண்ணிய எஞ்சினுக்கு 95 அடித்தால், பரீட்சை வேறு, படித்தது வேறு என்ற கதைதான்.

ஒக்டேன் குறைந்தால் என்ன நடக்கும்? தீப்பொறி தொடக்கிய சுவாலை பரவி முடிய முன், மிச்சக் கலவை அமுக்கத்தாலும் சூட்டாலும் தானாக வெடிக்கும். இதைத்தான் நொக்கிங் என்கிறோம். சாதாரண எஞ்சினில் டிக் டிக் என்று கேட்கும், காலை எடுத்தால் நிற்கும். சூப்பர்சார்ஜர் போட்ட எஞ்சினில் அந்தச் சத்தம் காதுக்கு வர முன்பே பிஸ்டன் உடைந்துவிடலாம், ஹெட் கெஸ்கட் போய்விடலாம். பழைய எஞ்சின்களில் இருப்பது பெரும்பாலும் வார்ப்புப் பிஸ்டன். அடித்துச் செய்த பிஸ்டன் மாதிரி அது தாங்காது.

மூன்றாவது: சூடு

வளியை அமுக்கினால் சூடாகும். சைக்கிள் பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஷார்ஜாவின் கோடையில் வெளியே 45 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். 6 பி.எஸ்.ஐ. அளவுக்கு அமுக்கினால், பழைய மாதிரி ரூட்ஸில் வளி 100 பாகையைத் தாண்டலாம் என்று கணக்குச் சொல்கிறது. நல்ல மையநீக்க வகையில் ஏறக்குறைய 90. ரூட்ஸுக்கு மேலே காபரேட்டர் இருந்தால் பெற்றோல் ஆவியாகும்போது கொஞ்சம் குளிரும் என்பதும் உண்மை. ஆனாலும் அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசத்தில் ஒருவர் பிரச்சினையில்லாமல் ஓட்டியது, வளைகுடாவில் அப்படியே ஓடும் என்று எடுக்க முடியாது.

பொனட்டுக்குள் சூடு கூடினால் ரேடியேட்டர், ஃபேன், தண்ணீர்ப் பம்பு எல்லாம் பரிசோதனைக்கு வரும். சும்மா ஓடும்போதே ட்ரபிக்கில் கொதிக்கும் காருக்கு சூப்பர்சார்ஜர் பற்றிக் கதைக்கவே கூடாது.

இதோடு சேர்ந்த ஒரு விடயம், பெற்றோல் வரும் அமுக்கம். மையநீக்க வகையைப் போட்டு காபரேட்டருக்குள் வளியை ஊதினால் கவனியுங்கள். காபரேட்டருக்குப் பெற்றோல் வழமையாக 5, 6 பி.எஸ்.ஐ. அளவில்தான் வருகிறது. உள்ளே 5 அளவு வளி அமுக்கம் இருந்தால் மீதி என்ன? ஏறக்குறைய ஒன்றுமில்லை. எஞ்சினுக்கு அதிக பெற்றோல் தேவைப்படும் அந்தச் சமயத்திலேயே பெற்றோல் குறையும். கலவை மெலியும், நொக்கிங் வரும். வளி அமுக்கம் கூடும்போது தானும் கூடுகின்ற ரெகுலேட்டரும், அதற்கேற்ற பம்பும், ஊதுவதற்கென்று தயாரித்த காபரேட்டரும் வேண்டும். தீப்பொறி விழும் நேரத்தையும் பின்னுக்குத் தள்ள வேண்டும். ஒரு பி.எஸ்.ஐ.க்கு ஒரு பாகை அளவில் தொடங்குவது வழமை. சூப்பர்சார்ஜரின் விலையை மட்டும் கேட்டுவிட்டு வேலையை ஏற்பவர், இந்தச் செலவை யாரிடம் கேட்கப் போகிறார்?

நான்காவது: பிரேக்

எமக்கு மிக முக்கியமாகப் படுவது இது. 1965, 1966 மஸ்டாங்கில் சாதாரணமாக வந்தது நான்கு சில்லுக்கும் டிரம் பிரேக். முன்பக்கம் டிஸ்க் பிரேக் வேண்டுமென்றால் மேலதிகப் பணம் கட்டி எடுக்க வேண்டும். அதை விட மோசமானது, பிரேக் எண்ணெய் நான்கு சில்லுக்கும் ஒரே வழியில் போகும். ஒரு இடத்தில் குழாய் வெடித்தால் நான்கு பிரேக்கும் இல்லை. 1967 மொடலில்தான் மஸ்டாங்குக்கு இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டர் வந்தது.

இயக்கப்பாட்டுச் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்று வகுப்பில் படித்தோம். 60இலிருந்து 120க்குப் போனால் வேகம் இரண்டு மடங்கு. பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு. டிரம் சூடானால் பிடி விடும். வலுவைக் கூட்டும் ஒவ்வொரு வேலையும் அந்தப் பழைய டிரம்மின் மீது ஏற்றும் சுமைதான்.

ஆகவே வாடிக்கையாளர் சூப்பர்சார்ஜருக்குக் காசு ஒதுக்கி வந்தால், முதலில் இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டர், முன் டிஸ்க், நல்ல டயர், சீட் பெல்ட் என்று ஒழுங்கு சொல்லுங்கள். மிஞ்சுவதில் சூப்பர்சார்ஜரைப் பார்ப்போம் என்று சொல்லுங்கள். அவருடைய பிள்ளையும் அந்தக் காரில் ஏறும்.

அப்படியானால் எதைப் போடுவது?

எமது பார்வை இது. எஞ்சின் நல்ல நிலையில் உள்ள 9.3 வகை, தெருவில் ஓடும் கார், சூடான நாடு என்றால் மையநீக்க வகையில் சிறிய ஒன்று, 4 அல்லது 5 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாத புல்லியோடு. காரணம் மூன்று. வளி சூடாவது குறைவு. ட்ரபிக்கில் மெதுவாக ஓடும்போது எஞ்சினை வருத்தாது. பொனட்டை வெட்டத் தேவையில்லை. நாளைக்குக் கழற்றிவிட்டால் கார் பழையபடி இருக்கும். பழைய கார்களுக்கு அந்த அசல் நிலைதான் பெறுமதி.

ரூட்ஸ் பிரியர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். காலை வைத்த உடனே இழுக்கும் சுகம் மையநீக்க வகையில் இல்லை என்பார்கள். அது உண்மைதான். 1971இலிருந்து ஜெனரல் மோட்டர்ஸ் தனது எஞ்சின்களின் நெருக்கல் விகிதத்தைக் குறைத்தது. அப்படியான பெரிய எஞ்சினுக்கு ரூட்ஸோ இரட்டைத் திருகோ நன்றாகவே பொருந்தும். ஆனால் ஒடுக்கமான டயரில், இலேசான மஸ்டாங்கில், சிக்னலில் உடனே வரும் அந்த இழுவை பின் சில்லைச் சுழற்றுவதற்குத்தான் போகும். பொனட்டுக்கு மேலே நிற்கும் கருவி ஓட்டுபவரின் பார்வையையும் மறைக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. இதே 289 எஞ்சின் 1965இல் 200, 225, 271 குதிரைவலு என்று மூன்று விதமாக விற்கப்பட்டது. அந்த 71 குதிரைவலு வித்தியாசத்துக்கு சூப்பர்சார்ஜர் எதுவும் இல்லை. காபரேட்டர், கேம், வால்வு வேலை, நெருக்கல் விகிதம், புகைக்குழாய் இவைதான். இன்று கிடைக்கும் நல்ல அலுமினிய ஹெட்டும் கேமும் போட்டாலே பலருடைய ஆசை தீர்ந்துவிடும். அந்தக் காலத்து இலக்கங்களும் ஃபேன், சைலன்சர் போன்றவற்றைக் கழற்றி மேசையில் வைத்து அளந்தவை என்பதையும் நினைவில் வையுங்கள். 1971 கோர்வெட் காரின் எல்.டி.1 எஞ்சினுக்கு பழைய முறையில் 330, எல்லாம் பூட்டி அளந்த புதிய முறையில் 275. எஞ்சின் ஒன்றுதான், அளந்த விதம் வேறு. எனவே "எத்தனை குதிரைவலு" என்ற பேச்சில் மயங்க வேண்டாம்.

"காசு தருபவர் கேட்கிறார், போட்டுக் கொடுத்தால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். அமீரகத்தில் அனுமதியில்லாமல் எஞ்சினில் மாற்றம் செய்தால் தண்டம் விதிக்கச் சட்டம் இருக்கிறது. அந்தத் தொல்லை ஒருபுறம். மறுபுறம், ஒரு வைத்தியர் நோயாளி கேட்ட மருந்தையெல்லாம் எழுதிக் கொடுத்தால் அவரை நல்ல வைத்தியர் என்போமா? தொழில் தெரிந்தவன் என்பதற்கு அடையாளமே, வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் காரணத்தோடு சொல்லத் தெரிவதுதான்.

எமது பிள்ளைகளுக்கும் எமக்கும்

மேலே சொன்னவற்றில் க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானத்துக்கு வெளியே என்ன இருக்கிறது? அமுக்கம், வெப்பநிலை, இயக்கப்பாட்டுச் சக்தி, பெருக்கல், வகுத்தல். ஆசிரியர் கலாசாலையில் எமக்கு முதலில் சொல்லித் தந்தது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்பதுதான். பிள்ளைக்குக் கார் தெரியும், மோட்டார் சைக்கிள் தெரியும். அதிலிருந்து அமுக்கத்துக்குப் போகலாம். நாமோ புத்தகத்தில் தொடங்கி புத்தகத்திலேயே முடித்துவிடுகிறோம். பிறகு, "அவனுக்குப் படிப்பு ஏறவில்லை, கராஜுக்கு அனுப்புவோம்" என்கிறோம். கராஜுக்குப் போவது தோல்வி என்பதுபோல் ஊரில் கதைக்கிறோம். வெளிநாட்டுக் காசு வந்து வீடு கட்டும்போது மட்டும் பெருமைப்படுகிறோம்.

படிப்பு ஏறாதவனால் செய்ய முடிந்த வேலையா இது என்று இப்போது நீங்களே சொல்லுங்கள்.

கராஜில் வருடக்கணக்காக வேலை செய்தும் கையில் ஒரு சான்றிதழ் இல்லாத தம்பிமாருக்கு ஒரு தகவல். எமது நாட்டில் தேசிய தொழிற் தகைமை, என்.வி.கியூ. என்று 7 மட்டங்களில் இருக்கிறது. வகுப்புக்குப் போய்ப் படிக்காமல், ஏற்கெனவே உள்ள அனுபவத்தைப் பரிசோதித்து அந்தத் தகைமையைத் தரும் முறையும் உண்டு. முன் கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். லீவில் ஊருக்கு வரும்போது கல்யாண வீடு, விருந்து என்று நாட்கள் போக முன், நைட்டா அலுவலகத்தில் போய் விசாரியுங்கள். கையில் அது இருந்தால், முதலாளியிடம் "இது சரிவராது" என்று சொல்லும்போது உங்கள் பேச்சுக்கும் ஒரு எடை இருக்கும்.

ஊரில் இருக்கும் இளைஞர்களுக்கும் ஒன்று. எமக்கு மஸ்டாங் இல்லை. ஆனால் பழைய ஜப்பான் காருக்கு டேர்போ தேடுபவர்களும், மோட்டார் சைக்கிளின் சைலன்சரைக் கழற்றிவிட்டு இரவில் பிரதான வீதியில் விடுபவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் ஆர்வத்தை நாம் குறை சொல்லவில்லை. எஞ்சின் மீது ஆசை வைப்பது நல்ல விடயம். ஆனால் ஒழுங்கு ஒன்றுதான். நிறுத்தும் வலு முதலில், ஓடும் வலு பிறகு. பிரேக் ஷூ தேய்ந்த சைக்கிளில் அக்சிலேட்டரைத் திருகுபவனைப் பார்த்துக் கைதட்டும் கூட்டம், ஆஸ்பத்திரி வாசலுக்கு வராது. அங்கே நிற்பது உம்மாவும் வாப்பாவும்தான்.

வெளிநாட்டில் கராஜ் வேலை செய்யும் தம்பிமாருக்கு இந்தப் பதிவை அனுப்பிவிடுங்கள். தொழிலில் அனுபவமுள்ள நானாமார், பாஸ்மார் யாராவது இதில் கூட்ட, திருத்த வேண்டியிருந்தால் கீழே எழுதுங்கள். நீங்கள் கையால் செய்து பார்த்ததை எழுதினால், வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டவும் எமக்கு உதவும்.